கம்பி மத்தாப்பும் காரின் சக்கரமும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஓடும் கார்களின் சக்கரங்களைச் சற்று உற்று நோக்குங்கள். வெள்ளி போல் மின்ன வேண்டிய அலுமினியக் கலவைச் சக்கரங்களின் மீது கரிய பழுப்பு நிறத்தில் ஒரு தூள் படிந்திருப்பதைக் காணலாம். பொதுமக்கள் 'அலாய் வீல்' என்று குறிப்பிடுவது இச்சக்கரங்களையே. நம் வட்டாரத்தில் கரிசல் மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஆகவே இதுவும் சாலைப் புழுதிதான் என்று பலர் எண்ணி விடுகின்றனர்.

ஆனால் புழுதி என்றால் அது நான்கு சக்கரங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் படிய வேண்டும். இத்தூளோ முன் சக்கரங்களில் மிகுதியாகவும் பின் சக்கரங்களில் குறைவாகவும் காணப்படுகிறது. கரிசல் மண் ஒரு வாளித் தண்ணீரில் கழுவினால் போய்விடும். இத்தூள் சில வாரங்கள் அப்படியே விடப்பட்டால் சோப்பு நீருக்கும் அசைவதில்லை. எனவே இது சாலையிலிருந்து வந்தது அன்று. காரிலிருந்தே பிறந்தது என்பது தெளிவாகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் தேய்ந்து உதிரும் இரும்பின் தூளே இது.

அலுமினியத்தின் மீது இரும்புத்தூள்! சிவகாசிப் பகுதி மக்களுக்கு இந்த இரு உலோகங்களும் புதியவை அல்ல. தீபாவளியன்று குழந்தைகள் கையில் பிடித்துச் சுழற்றும் கம்பி மத்தாப்பிலும் இவ்விரண்டுமே இடம் பெற்றுள்ளன. ஓரிடத்தில் பூப்பூவாய்ச் சிதறும் பொருள், மற்றோரிடத்தில் கறையாய் ஒட்டிக்கொள்வது ஏன்? அக்கறையைச் சக்கரத்துக்குச் சேதமின்றி எவ்வாறு நீக்குவது? இவ்வினாக்களுக்கு விடை காண, இவ்விரு தூள்களின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பொறியின் இரகசியம்

சிவகாசியின் தொழில் வரலாறு தீப்பெட்டியில் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தயாரிப்பைக் கற்று வந்தனர். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர் கொண்டது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் நடைமுறைக்கு வந்ததும், இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுப் பட்டாசுகளின் வரவு குன்றியதும், இங்குப் பட்டாசு ஆலைகள் உரிமம் பெற்றுப் பெருகக் காரணங்களாயின. அன்று இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985ஆம் ஆண்டில்தான் இது தனி மாவட்டமாயிற்று.

கம்பி மத்தாப்பின் மரபுவழிக் கலவையில் மூன்று முக்கியப் பொருள்கள் உண்டு. எரிவதற்கு ஆக்சிஜனைத் தருவது பேரியம் நைட்ரேட்டு. வெண்ணிற ஒளியையும் பெருவெப்பத்தையும் தருவது அலுமினியப் பொடி. பொன்னிறப் பொறிகளைத் தருவது இரும்புத்தூள். இவற்றைப் பசையோடு குழைத்துக் கம்பிகளின் மேல் ஏற்றி உலர்த்துவர். பட்டாசுகளில் பேரிய உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் நாள் ஆணையிட்டது. 2021 அக்டோபர் 29ஆம் நாள் அதனை மீண்டும் வலியுறுத்தியது. ஆகவே மேலே கூறிய மரபுவழிக் கலவை மாற வேண்டியதாயிற்று. ஆயினும் பொறியைத் தருவது இரும்பு என்பதில் மாற்றமில்லை.

இரும்புத்தூள் காற்றில் எரிகிறது என்று கேட்டால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இரும்பு ஆணி எரிவதில்லையே! இங்கேதான் தூளின் தனித்தன்மை இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுர இரும்புத் துண்டின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பக்கமுள்ள நுண் கனசதுரங்களாக வெட்டினால் 100 கோடித் துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர். எடை மாறவில்லை, காற்றைத் தொடும் பரப்பு மட்டும் ஆயிரம் மடங்கு பெருகிவிட்டது. பரப்பு பெருகப் பெருக ஆக்சிஜனோடு கூடும் வேகமும் பெருகுகிறது. மெதுவாக நிகழ்ந்தால் அதற்குத் துரு என்று பெயர். விரைவாக நிகழ்ந்தால் அதற்குப் பொறி என்று பெயர்.

பொறி கிளை கிளையாய்ப் பிரிந்து பூப்போல் வெடிப்பதற்குக் காரணம் எஃகில் உள்ள கார்பன். எரியும் துணுக்கினுள் கார்பன் வாயுவாக மாறி, உருகிய உலோகத்தைச் சிதறடிக்கிறது. சாணைக் கல்லில் இரும்பைப் பிடிக்கும் பட்டறைத் தொழிலாளர், பறக்கும் பொறியின் வடிவத்தைக் கொண்டே அது எவ்வகை இரும்பு என்று சொல்லிவிடுவதும் இதனால்தான்.

நிறுத்தும் கலையின் வரலாறு

இனிக் காருக்கு வருவோம். வண்டியை ஓட்டுவதைப் போலவே அதனை நிறுத்துவதும் ஒரு பெரும் சிக்கலாக இருந்து வந்துள்ளது. பழங்கால வண்டிகளில் சக்கரத்தின் விளிம்பில் ஒரு மரக்கட்டையை அழுத்தி வேகத்தைக் குறைத்தனர். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்குப் பயணம் செய்தார். வழியில் இறக்கங்களில் மரக்கட்டைகள் தேய்ந்து போயின. அவர் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டைகளின் மேல் தோலை அடிக்கச் செய்தார். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணத்திலேயே பிரேக் பட்டையும் பிறந்துவிட்டது எனலாம்.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவரும் ஏறத்தாழ இதையே கண்டார். மலைச் சாலையில் இறங்கும் வண்டிக்காரர்கள் பழைய காலணித் தோலைப் பிரேக் கட்டைகளில் ஆணியடித்துக் கொள்வதைக் கவனித்த அவர், 1897இல் பிரேக் பட்டைகள் செய்யும் முயற்சியில் இறங்கினார். அவர் தொடங்கிய தொழிலே பிற்காலத்தில் 'ஃபெரோடோ' என்ற பெயரில் உலகெங்கும் அறிமுகமாயிற்று. முதலில் அவர் பயன்படுத்தியவை பருத்தி போன்ற இழைகள். கார்களின் வேகம் கூடக் கூட அவை வெப்பத்தில் கருகின. எனவே 1908ஆம் ஆண்டளவில் தீயில் எரியாத கல்நார் இப்பட்டைகளில் இடம்பிடித்தது. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1902ஆம் ஆண்டு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. பிரான்சில் லூயி ரெனோ உருளை வடிவான டிரம் பிரேக்கை உருவாக்கியதும், இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் தட்டு வடிவான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றதும் அவ்வாண்டிலேயே. லான்செஸ்டரின் பிரேக்கில் தாமிரப் பட்டைகள் தட்டை உரசியபோது காது கூசும் ஓசை எழுந்தது. அவை விரைவில் தேய்ந்தும் போயின. ஆகவே டிஸ்க் பிரேக் ஐம்பதாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1953இல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. 1955இல் சித்ரோவன் டி.எஸ். கார் அதனைப் பொதுமக்களிடம் கொண்டு வந்தது.

நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர், பத்மினி கார்களில் பெரும்பாலும் டிரம் பிரேக்கும் எஃகுச் சக்கரமுமே இருந்தன. டிரம் ஒரு மூடிய பாத்திரம் போன்றது. தேய்ந்த தூள் அதனுள்ளேயே தங்கிவிடும். டிஸ்க் பிரேக்கோ திறந்தவெளியில் சுழல்கிறது. அதன் தூள் நேராகச் சக்கரத்தின் மீது வீசப்படுகிறது. கார் நிற்கும்போது எடை முன்புறம் சாய்வதால் முன் பிரேக்குகளே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. இன்றைய சிறு கார்கள் பலவற்றில் முன்னே டிஸ்க், பின்னே டிரம் என்ற அமைப்பே உள்ளது. முன் சக்கரங்களில் கறை மிகுவதற்கு இவ்விரண்டும் காரணங்கள்.

பிரேக் பிடிக்கும்போது நிகழும் ஆற்றல் மாற்றத்தை ஒரு கணக்கால் அறியலாம். 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 2 இலட்சம் ஜூல். கார் நின்றதும் இவ்வளவும் பெரும்பாலும் வெப்பமாக மாறிவிடுகிறது. 30 பாகை செல்சியஸில் உள்ள சுமார் 680 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதுமானது. இது ஒருசில விநாடிகளில், உள்ளங்கை அளவுள்ள சில பட்டைகளுக்கும் தட்டுகளுக்கும் இடையே பிறக்கிறது. டிஸ்க் தட்டு கார்பன் மிகுந்த வார்ப்பிரும்பால் ஆனது. பட்டையில் இரும்பு இழை, தாமிரம், கார்பன், பிசின் ஆகியவை கலந்திருக்கும். இரண்டும் உரசும்போது இரண்டுமே தேய்கின்றன. ஆகவே தூளில் இரும்பும் அதன் ஆக்சைடுகளுமே பெரும்பங்கு வகிக்கின்றன. கண்ணுக்குப் பூவாகத் தெரியாவிட்டாலும், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் ஒரு சிறு மத்தாப்பு அங்கே தேய்ந்துகொண்டிருக்கிறது எனலாம்.

சக்கரத்துக்கு வந்த அலுமினியம்

பூமியின் மேலோட்டில் மிகுதியாகக் கிடைக்கும் உலோகம் அலுமினியமே. ஆயினும் 1825இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் அதனைப் பிரித்தெடுத்த பின்னும், அது பல ஆண்டுகள் விலையுயர்ந்த உலோகமாகவே இருந்தது. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலே மின்னாற்பகுப்பு முறையைக் கண்டறிந்தனர். அதன்பின் அலுமினியம் விலை சரிந்து சமையலறை வரை வந்தது.

1924இல் பிரெஞ்சு நாட்டின் புகாட்டி நிறுவனம் தன் 35ஆம் வகைப் பந்தயக் காருக்கு அலுமினியத்தால் வார்த்த சக்கரங்களைப் பொருத்தியது. சக்கரம் இலேசாக இருந்தால் கார் மேடுபள்ளங்களில் நன்கு செல்லும். அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் பிரேக்கும் குளிர்ச்சியடையும். தூய அலுமினியம் மென்மையானது. ஆகவே இன்றைய வார்ப்புச் சக்கரங்களில் ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் சேர்க்கப்படுகின்றன.

அலுமினியத்துக்கு இயற்கையே ஒரு கவசம் அளித்துள்ளது. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி, உள்ளே உள்ள உலோகத்தைக் காக்கிறது. துருப்பிடித்த இரும்பு பொருக்குப் பொருக்காய் உதிர, அலுமினியப் பாத்திரம் ஆண்டுக்கணக்கில் உழைப்பது இதனால்தான். சக்கரத்துக்கு இது போதாதென்று, அதன் மேல் நிறமற்ற ஒளிபுகும் பூச்சு ஒன்றையும் பூசுகிறார்கள்.

கறை ஒட்டிக்கொள்வது எவ்வாறு?

பிரேக்கிலிருந்து புறப்படும் இரும்புத் துணுக்கு சூடானது; விளிம்பு கூரானது. அது சக்கரத்தின் பூச்சின் மேல் விழுந்து சிறிதே புதைகிறது. பட்டையிலிருந்து வரும் பிசினும் அதனோடு சேர்ந்து ஒட்டுகிறது. இது முதற்கட்டம். இந்நிலையில் தூளைச் சோப்பு நீரும் மென்மையான துணியும் நீக்கிவிடும்.

பின்னர்ப் பனியோ மழையோ அதன் மேல் படுகிறது. இரும்பு துருவாகிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே பூச்சில் புதைந்த துணுக்கு உப்பி, சுற்றிலும் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. இது இரண்டாம் கட்டம். வெடிப்பின் வழியே நீர் அலுமினியத்தை அடைந்துவிட்டால் மூன்றாம் கட்டம் தொடங்குகிறது. அலுமினியம், இரும்பு, உப்பு கலந்த நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம். அதில் அரிக்கப்படுவது அலுமினியமே. உப்புச் சுவையுள்ள கிணற்று நீரில் காரைக் கழுவி அப்படியே வெயிலில் காயவிடுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

கழுவும் முறைகளின் வேதியியல்

பித்தளைக் குடத்தைப் புளியால் தேய்ப்பது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடு கறையைக் கரைக்கிறது. அமிலம் துருவையும் கரைக்கும். ஆனால் அமிலத்துக்குக் கறை எது, உலோகம் எது என்ற பாகுபாடு தெரியாது. பூச்சு விட்டுப்போன இடங்களில் அது அலுமினியத்தையும் தாக்கும்.

சலவைச் சோடா போன்ற காரங்களோ இன்னும் மோசமானவை. அலுமினியத்தின் கவசமான ஆக்சைடு படலம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அலுமினியப் பாத்திரத்தில் சலவைச் சோடாக் கரைசலை ஊற்றி வைத்தால் அது பொலிவிழந்து கறுப்பதை யாவரும் கண்டிருப்பர். சக்கரத்துக்கும் அதே கதிதான்.

சில இடங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்புகளோ கலந்த கழுவு நீர்களைப் பயன்படுத்துகின்றனர். கறை நொடியில் போய்விடும் என்பது உண்மையே. ஆனால் இவ்வமிலம் கண்ணாடியையே அரிப்பது. தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமல் போகலாம். அதற்குள் உள்ளே ஊடுருவி, உடலிலுள்ள கால்சியத்தைக் கட்டிவிடும். இதயத் துடிப்பே பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்து நேரக்கூடும். சக்கரத்தின் பொலிவுக்காகக் கழுவுபவரின் உயிரைப் பணயம் வைப்பது எவ்வகையிலும் பொருந்தாது. பெயரும் உட்பொருளும் எழுதப்படாத புட்டியில் வரும் எந்தக் கழுவு நீரையும் கையால் தொடலாகாது.

இரும்பை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு பொருள் இருந்தால் நன்றாயிருக்கும் அல்லவா? அத்தகைய பொருள் ஆய்வுக்கூடத்தில் முன்பே இருந்தது. தயோகிளைக்காலிக் அமிலம் என்ற கந்தகச் சேர்மம், காரக் கரைசலில் இரும்போடு கூடிச் செவ்வூதா நிறத்தைத் தருகிறது. 1927இல் இது இரும்பைக் கண்டறியும் நிறச் சோதனையாக வேதியியல் இதழில் வெளியாயிற்று. இதன் உப்புகள் பின்னர்க் கூந்தலைச் சுருட்டும் அழகுக் கலையிலும் பயன்பட்டன. இன்று இரும்புக் கறை நீக்கிகள் பலவற்றில் இருப்பது இதே சேர்மத்தின் உப்புதான். சக்கரத்தில் தெளித்தவுடன் ஊதா நிறமாய் வழிந்தோடுவது வெறும் சாயம் அன்று. இரும்பைப் பற்றியதற்கு அடையாளம். இவை பெரும்பாலும் நடுநிலைக் கரைசல்களாகச் செய்யப்படுவதால் அலுமினியத்துக்குத் தீங்கு குறைவு. இதன் நாற்றம் மூக்கைத் துளைக்கும். தோலுக்கும் இது ஒவ்வாது. ஆகவே கையுறையும் காற்றோட்டமும் தேவை.

நடைமுறையில் பின்பற்றத்தக்க வரிசை இதுவே: முதலில் சக்கரம் முற்றும் ஆறட்டும். சூடான சக்கரத்தில் எந்தக் கரைசலும் உடனே உலர்ந்து புதிய கறையாகிவிடும். அடுத்து, உலர்ந்த துணியால் துடைக்காமல் தண்ணீரை மென்மையாக ஊற்றித் தூளை நனைக்க வேண்டும். உலர்ந்த இரும்புத்தூளைத் தேய்த்தால் அது உப்புத்தாள் போலப் பூச்சைக் கீறிவிடும். பின்னர்ச் சோப்பு நீரும் மென்மயிர்த் தூரிகையும். இதற்கும் போகாத புள்ளிகளுக்கு மட்டுமே இரும்புக் கறை நீக்கி. அது உலர்வதற்கு முன் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். இறுதியில் ஈரமின்றித் துடைக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் எஃகுக் கம்பிச் சுருளை மட்டும் பயன்படுத்தவே கூடாது. அது பூச்சைக் கீறுவதோடு, புதிய இரும்புத் துணுக்குகளையும் விட்டுச் செல்லும். வாரம் ஒருமுறை சோப்பு நீரால் கழுவுபவருக்குக் கறை நீக்கியே பெரும்பாலும் தேவைப்படாது.

தூள் சென்றடையும் இடம்

கறை சக்கரத்திலிருந்து போய்விட்டது. ஆனால் தூள் எங்கே போயிற்று? ஒரு பகுதி கழுவிய நீரோடு வாய்க்காலுக்கும், அங்கிருந்து கண்மாய்க்கும் செல்கிறது. மற்றொரு பகுதி சக்கரத்தில் படியாமலே காற்றில் கலந்து நம் மூச்சில் புகுகிறது.

இவ்வரலாற்றின் துயரமான பகுதி கல்நாருக்கு உரியது. கல்நார் இழைகள் நுரையீரலில் தங்கி நோய் விளைவிப்பதை இங்கிலாந்தின் மருத்துவ ஆய்வாளர் மெரிவெதர், பொறியாளர் பிரைஸ் ஆகியோரின் 1930ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவர் குழுவினரும் கல்நாருக்கும் நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவினர். ஆயினும் பிரேக் பட்டைகளில் கல்நார் அதன்பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. டிரம்மைத் திறந்து, உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ வெளியேற்றுவது பட்டறைகளில் வழக்கமாயிருந்தது. அந்த ஒரு மூச்சில் எத்தனை இழைகள் உட்புகுந்தன என்பதை அத்தொழிலாளர் அறியார். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், காரணமும் விளைவும் ஒருவர் கண்ணுக்கே சேர்ந்து புலப்படுவதில்லை.

கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் அவர்களது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நம் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் கல்நார் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் கார் நிறுவனங்களுக்குப் பட்டை செய்யும் ஆலைகள் கல்நாரற்ற கலவைகளுக்கு மாறிவிட்டன. எனினும் பழைய வண்டிகளிலும், மலிவு விலைப் பட்டைகளிலும் என்ன இருக்கிறது என்பது தூளைப் பார்த்துத் தெரியாது. ஆகவே பிரேக் தூளை ஒருபோதும் ஊதக் கூடாது. நனைத்துத்தான் அகற்ற வேண்டும் என்ற விதியை ஒவ்வொரு பட்டறையும் சுவரில் எழுதி வைத்தல் நலம்.

கல்நாருக்குப் பின் தாமிரத்தின் முறை வந்தது. பட்டையிலிருந்து உதிர்ந்த தாமிரம் மழைநீரோடு ஆறுகளை அடைந்து மீன்களைப் பாதிப்பதால், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2010இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி பட்டையில் தாமிரத்தின் அளவு 2021 முதல் 5 விழுக்காட்டுக்கும், 2025 முதல் அரை விழுக்காட்டுக்கும் மிகலாகாது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் 'யூரோ 7' விதிகளில் முதன்முறையாகப் பிரேக் தூளுக்கே வரம்பு விதித்தது. பெட்ரோல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். மின்கலக் கார்களுக்கு 3 மில்லிகிராம். மின்சாரக் காரில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைக் குறைப்பதால் பிரேக்கின் தேய்மானம் குறைவு. புகைக் குழாயை மட்டும் கண்காணித்து வந்த சட்டம், இப்போது சக்கரத்தையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறது.

பட்டாசு ஆலைக்கு ஒரு பாடம்

துருவும் அலுமினியமும் சேர்ந்தால் வேறொரு விந்தையும் நிகழும். அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மீதுள்ள ஈர்ப்பு இரும்பினுடையதைவிட மிகுதி. இவை இரண்டும் தூளாகக் கலந்து பெருவெப்பத்தில் மூட்டப்பட்டால், அலுமினியம் துருவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. இரும்பு உருகி ஓடுகிறது. இதனை ஜெர்மானிய வேதியியலார் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895இல் காப்புரிமை செய்தார். இரயில் தண்டவாளங்களை இணைக்க இம்முறை இன்றும் பயன்படுகிறது.

அப்படியானால் அலுமினியச் சக்கரத்தில் துரு படிந்தால் தீப்பற்றுமா? பற்றாது. அலுமினியம் அங்கே கெட்டியான திரளாக உள்ளது. ஆக்சைடு படலமும் பூச்சும் இடையே நிற்கின்றன. தூண்டும் வெப்பமும் இல்லை. ஆனால் துருப்பிடித்த இரும்பின் மேல் இலேசான அலுமினியக் கலவை ஓங்கி மோதினால், மோதிய இடத்தில் இவ்வினை நொடிப்பொழுது நிகழ்ந்து கடுஞ்சூடான பொறி எழக்கூடும். தீப்பற்றும் வாயுக்கள் உள்ள சுரங்கங்களில் அலுமினியக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் இரும்புக் கருவி கூடாது, ஆணியடித்த செருப்பு கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும் என்ற விதிகள் வெறும் சடங்குகள் அல்ல என்பது இப்போது விளங்கும். அங்கே அலுமினியம் மெல்லிய செதில்களாக இருக்கிறது. ஒரு காலத்தில் இப்பொடியை உலர்நிலையில் இடித்தே செய்தனர். அதனால் விபத்துகள் நேர்ந்தன. 1920களில் அமெரிக்காவில் ஈ. ஜே. ஹால் என்பவர், எண்ணெய்த் தன்மையுள்ள திரவத்தில் நனைத்து உருளையில் அரைக்கும் முறையைக் கொண்டுவந்த பின்னரே இத்தொழில் ஓரளவு பாதுகாப்பானது.

ஈரமும் அங்கே நண்பன் அன்று. நைட்ரேட்டு உப்போடு கலந்த அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் மெல்ல மெல்ல வெப்பம் பிறந்து தானே தீப்பற்றும் நிலை வரலாம். இதனைத் தடுக்கச் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. காரின் சக்கரத்தில் தூளை நனைப்பது பாதுகாப்பு. மருந்துக் கலவையை அரைகுறையாக நனைப்பது ஆபத்து. பொருள் அதுவே, நிலைமை வேறு, விதியும் வேறு.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த தீ விபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். உதவ ஓடிச் சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். இவ்வட்டாரத்தில் அந்த நாளை மறந்தவர் இலர். தரையில் சிந்திய ஒரு பிடி மருந்தை அன்றன்றே முறைப்படி அகற்றுவதும், தேவைக்கு மேல் மருந்தைச் சேர்த்து வைக்காமையும், ஓர் அறையில் விதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இல்லாமையும் எத்தனையோ உயிர்களைக் காக்கக் கூடியவை. பசுமைப் பட்டாசுகளுக்கென நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய வகைகளுள் ஒன்றான 'சஃபல்', அலுமினியத்தின் அளவைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டது.

மாணவர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். ஆறிய சக்கரத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். துணி உலர்ந்தபின் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி அதன் அருகே கொண்டு செல்லுங்கள். கரிசல் மண் பெரும்பாலும் துணியிலேயே தங்கும். பிரேக் தூள் தாளில் ஒட்டும். துணியை உதறவோ தூளை ஊதவோ வேண்டாம். சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பிறகு அத்தூளில் ஒரு துளி எலுமிச்சைச் சாற்றை விட்டு ஓரிரவு வைத்துப் பாருங்கள். துரு கரைந்து சாறு நிறம் மாறுவதைக் காணலாம். அதே சாற்றின் ஒரு துளியைப் பழைய அலுமினிய மூடியொன்றின் மீதும் விட்டு வையுங்கள். கறையை நீக்கும் பொருள் உலோகத்தை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சோதனை முழுமை பெறும்.